ஸ்ட்ரீட் ஊரிலிருந்து புறப்பட்ட பூட்ஸ்

இங்கிலாந்தின் சோமர்செட் வட்டாரத்தில், கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்தில் ஸ்ட்ரீட் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1825-இல் சைரஸ் கிளார்க் அங்கே ஆட்டுத்தோல் தொழில் தொடங்கினார். ரோமத்தோடு பதப்படுத்திய தோலைத் தரைவிரிப்பாக விற்பார். சில ஆண்டுகளில் தம்பி ஜேம்ஸ் அவரிடம் தொழில் பழக வந்து சேர்ந்தார். அண்ணனைவிடப் பத்து வயது இளையவர். விரிப்பு வெட்டியபின் மிஞ்சிக் கிடந்த துண்டுத் தோல்களை எடுத்து, வேலை முடிந்த நேரங்களில் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு தைத்துப் பார்த்தார். 'பிரவுன் பீட்டர்ஸ்பர்க்' என்று பெயரிட்ட அந்தச் செருப்பு விலைபோனது. 1833-இல் அண்ணன் அவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கிளார்க்ஸ் என்று உலகம் முழுக்கக் கடை விரித்த காலணி நிறுவனத்தின் பிறப்பு அந்த மிச்சத் தோலில்தான்.

இந்தக் குடும்பம் இருநூறு ஆண்டு நீடித்ததற்கு வியாபார சாமர்த்தியத்தைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. தொழிலின் முக்கியத் தேவைக்கு வெளியே, இளையவர் ஒருவர் ஓய்வு நேரத்தில் கையளைந்து பார்ப்பதற்கு அந்த வீட்டில் இடம் இருந்தது. முதல் தலைமுறையில் ஜேம்ஸ் அதைச் செய்தார். அவருடைய கொள்ளுப்பேரன் நேதன் காலத்தில் அதே கதை மறுபடி நடந்தது.

இடைப்பட்ட காலம் சுகமாகப் போகவில்லை. குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவரும் நேர்மைக்குப் பேர்போனவர்கள். கணக்கு வழக்கில் அத்தனை கண்டிப்பு இல்லை. சரக்கு தேங்கிக் கடன் ஏறி, 1863-இல் கடையை மூட வேண்டிய நிலை வந்தது. சபையைச் சேர்ந்த உறவினரும் நண்பர்களும் பணம் கொடுத்துக் காப்பாற்றினார்கள், பொறுப்பை ஜேம்ஸின் மகன் வில்லியம் ஸ்டீபன்ஸ் கிளார்க்கிடம் விட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. தையல் இயந்திரத்தை நம்பியவர் அவர். அதுவரை ஊரில் வீடு வீடாகத் தோலை எடுத்துப்போய்க் குடும்பத்தோடு தைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வேலையை அவர் படிப்படியாகத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார். வாங்கிய கடனைத் தீர்த்தார். 1883-இல், பாதத்தின் வடிவத்தை ஒட்டித் தைத்த 'ஹைஜீனிக்' காலணியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வில்லியமின் மகள் ஆலிஸ் கிளார்க்கை நான் தாண்டிப் போக முடியவில்லை. தகப்பனாரின் தொழிற்சாலையில் வேலை பழகி, நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரானவர். பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். 1919-இல் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்களின் உழைப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்; வரலாற்றுத் துறையில் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். வீட்டோடு இருந்த உற்பத்தி வெளியே போனபோது பெண் தன் தொழில் இடத்தை இழந்தாள் என்பது அவருடைய வாதம். வீட்டுத் தையல் நின்று தொழிற்சாலைக் கூலி வந்ததைத் தன் ஊரிலேயே கண்ட ஒருவர் அப்படி எழுதியதில் எனக்கு வியப்பில்லை. செருப்புக் கடைக் குடும்பம் ஒன்று தன் தொழிலைத் தானே விசாரித்துக்கொண்டது போலத்தான் அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறேன்.

ஆலிஸின் அண்ணன் தம்பிகளில் ஒருவர் ரோஜர். அவருடைய பிள்ளைகள் பேன்க்ராஃப்ட்டும் நேதனும். இரண்டாம் உலகப்போர் வந்தபோது நிறுவனத்தைப் பேன்க்ராஃப்ட் கவனித்தார். ஸ்ட்ரீட் தொழிற்சாலையில் டார்பிடோ பாகங்கள் செய்தார்கள். நேதன் பிரிட்டிஷ் ராணுவத்தின் சேவைப் பிரிவில் அதிகாரியாக 1941-இல் பர்மாவுக்குப் போனார். போகிற இடத்தில் புதிய காலணி எது கண்ணில் பட்டாலும் எழுது என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

பர்மாவில் சில அதிகாரிகளின் காலில் கணுக்கால் உயர பூட்ஸ் ஒன்றை நேதன் கண்டார். மேலே மிருதுவான ஸ்வேட் தோல், கீழே கிரேப் ரப்பர் சோல். கெய்ரோவின் கான் எல்-கலீலி கடைத்தெருவில் தைத்து வாங்கியது என்றார்கள். அதன் மூலம் இன்னும் தெற்கே இருக்கிறது: தென்னாப்பிரிக்காவின் டச்சுக் குடியேறிகள் அணிந்த 'ஃபெல்ட்ஸ்கூன்' என்ற எளிய காலணியே அதற்கு முன்னோடி. மாதிரியைப் படமாக வரைந்து நேதன் ஊருக்கு அனுப்பினார்.

சோலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரப்பர் மரத்தில் வெட்டி எடுத்த பாலை உறையவைத்து, உருளைகளுக்கிடையே விட்டு மெல்லிய தகடாக்கி, புகை படாமல் உலர்த்தி, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தினால் வெளிர்நிறத்தில் கனமான கிரேப் கிடைக்கும். உலகச் சந்தைக்கு ரப்பர் போன பெரிய தோட்டங்கள் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்தன. இலங்கை இன்றும் சோல் கிரேப்புக்குப் பேர்போன நாடு. அந்தத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள் ஏராளம். பூட்ஸின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கெய்ரோவையும் பர்மாவையும் சொல்லிவிட்டு, அடித்தோலுக்குப் பதிலாக வந்த அந்தப் பாலை யார் எடுத்தார்கள் என்று கேட்பதில்லை. தமிழில் எழுதும்போதாவது அதைக் கேட்க வேண்டும்.

போர் முடிந்து திரும்பிய நேதன் தானே மாதிரி வெட்டினார். பெரிய வேலைப்பாடு எதுவும் இல்லை: முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கத்தைச் சுற்றி வரும் துண்டு, கயிறு கோக்கப் பக்கத்துக்கு இரண்டு துளை. விளிம்பை உள்ளே மடிக்காமல் வெளியே விரித்துச் சோலோடு சேர்த்துத் தைப்பது. நிறுவனத்தில் புதிய காலணிகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இது விற்காது என்று தள்ளிவிட்டார்கள். பளபளவென்று மெருகேற்றிய தோலுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த ஸ்வேட் முடிக்காமல் விட்ட வேலையாகத் தெரிந்திருக்கும். நேதன் விடவில்லை. 1949-இல் சிகாகோ காலணிக் கண்காட்சிக்கு அதை எடுத்துப்போனார். அங்கே 'எஸ்குவயர்' இதழின் ஆடை அலங்கார ஆசிரியருக்கு அது பிடித்துப்போனது. இதழில் இடம் கொடுத்தார். 1950-இல் 'டெசர்ட் பூட்' விற்பனைக்கு வந்தது. முதலில் வட அமெரிக்கா வாங்கியது, பிறகுதான் சொந்த நாடு.

ஜமைக்காவில் நடந்ததை யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. கிங்ஸ்டன் இளைஞர்களுக்கு அந்த பூட்ஸ் கௌரவச் சின்னமானது. ரெகே, டான்ஸ்ஹால் பாடகர்கள் கிளார்க்ஸ் பெயரைப் பாட்டில் வைத்தார்கள். 2010-இல் அப்படி ஒரு பாட்டு வெற்றியடைந்து, தீவில் அதன் விலையே ஏறியது.

குடும்பத்துக்குள் வேறு விதமாகப் போனது. கொள்ளுப்பேரன், எள்ளுப்பேத்தி என்று கிளைவிட்டுப் பங்குகள் நூற்றுக்கணக்கான உறவினர் கைக்குப் பிரிந்தன. அவர்களில் பெரும்பாலோர் தோலைத் தொட்டறியாதவர்கள். 1993-இல் பெரிஸ்ஃபோர்ட் நிறுவனம் மொத்தமாக விலைக்குக் கேட்டது. விற்கலாம், கூடாது என்று குடும்பம் இரண்டுபட்டு, வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில் விற்பனை தோற்றது. அதே ஆண்டில் பழைய தொழிற்சாலைக் கட்டடங்கள் தள்ளுபடி விலைக் கடைவளாகமாக மாறின. உற்பத்தி மெல்ல மெல்ல ஆசிய நாடுகளுக்குப் போனது. நம்பிக்கையைக் கடனாகக் கொடுத்துக் காப்பாற்ற 1863-இல் உறவும் சபையும் இருந்தன. 2020-இன் கொள்ளைநோய்க் காலத்தில் கடைகள் மூடிக் கிடந்தபோது முதலீட்டு நிறுவனத்தின் வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது. 2021-இல் ஹாங்காங்கைச் சேர்ந்த லயன்ராக் கேப்பிடல் 51 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்சப் பங்கோடு குடும்பம் சிறுபான்மையாயிற்று. தலைமை அலுவலகம் இன்னும் ஸ்ட்ரீட்டில்தான் இருக்கிறது.