ஹாலந்தா... நெதர்லாந்தா? விசா ஃபார்மை நிரப்பும் முன் இதைப் படிச்சிடுங்க!

ஐரோப்பா டூர் பிளான் பண்றீங்க. லிஸ்ட்டில் துலிப் தோட்டம், காற்றாலை, ஆம்ஸ்டர்டாம் கால்வாய்ப் படகு சவாரி எல்லாம் இருக்கு. விசா ஃபார்மைத் திறந்து நாடுகளின் பட்டியலில் 'ஹாலந்து'ன்னு தேடினால்... காணோம்! பதறாதீங்க. அப்படி ஒரு நாடே இல்லை. நீங்கள் தேட வேண்டியது 'நெதர்லாந்து'.

ஹாலந்து என்பது என்ன?

நெதர்லாந்தில் மொத்தம் 12 மாகாணங்கள். அவற்றில் இரண்டின் பெயர்தான் வடக்கு ஹாலந்து, தெற்கு ஹாலந்து. ஆம்ஸ்டர்டாம் வடக்கு ஹாலந்தில் இருக்கிறது. தி ஹேக், ராட்டர்டாம், துலிப் மலர்களுக்குப் பெயர்போன கோகென்ஹாஃப் தோட்டம் ஆகியவை தெற்கு ஹாலந்தில் இருக்கின்றன. ஆனால், நம்மவர்கள் பலர் வேலைக்குப் போகும் ஐந்தோவன் நகரம் ஹாலந்திலேயே இல்லை. அது வடக்கு பிரபாந்த் மாகாணம். அங்கே போய் 'ஹாலந்து வந்துட்டேன்'னு ஸ்டேட்டஸ் போட்டால், உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள்!

பிறகு எப்படி இந்தப் பெயர் பரவியது? அந்தக் காலத்தில் கப்பலும் வியாபாரமும் அதிகம் ஹாலந்து பகுதியில்தான். வெளியூர்க்காரர்கள் மொத்த நாட்டையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். நம் பாடப்புத்தகத்தில் டச்சுக்காரர்கள் என்று படித்தவர்களை 'ஒல்லாந்தர்' என்றும் சொல்கிறோமே, அதுவும் ஹாலந்தில் இருந்து வந்த சொல்தான். ஆனால், அவர்கள் 1613-ல் நம்ம பழவேற்காட்டில் கட்டிய கோட்டையின் பெயர் 'கெல்டிரியா'. அது கெல்டர்லாந்து என்ற இன்னொரு மாகாணத்தின் பெயரால் வந்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான், 2020-ம் ஆண்டு முதல் டச்சு அரசு தன் விளம்பரங்களில் 'ஹாலந்து' என்ற பெயரைக் கைவிட்டு, 'நெதர்லாந்து' என்று மட்டும் பயன்படுத்துகிறது.

கரீபியனிலும் ஒரு நெதர்லாந்து!

'நெதர்லாந்து ராஜ்ஜியம்' என்பது ஐரோப்பாவோடு முடிவதில்லை. அரூபா, குராசோ, சின்ட் மார்ட்டன் ஆகிய கரீபியன் தீவுகளும் அதே ராஜ்ஜியத்தில் தனி நாடு அந்தஸ்தோடு இருக்கின்றன. பொனேர், சாபா, சின்ட் யூஸ்டேஷியஸ் என்ற மூன்று குட்டித் தீவுகள் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சிகள்.

இங்கேதான் கவனம் தேவை. ஷெங்கன் விசா, ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்துக்கு மட்டுமே. கரீபியன் தீவுகளுக்கு விசா விதிகள் தனி. சில வகை விசா கையில் இருந்தால் விலக்கு கிடைக்கலாம். அதனால், டிக்கெட் போடும் முன் டச்சு அரசின் இணையதளத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விசா: எங்கே தவறுவோம்?

* எந்த நாட்டில் விண்ணப்பிப்பது? ஷெங்கனில் 29 நாடுகள். அதிக நாள்கள் தங்கப்போகும் நாட்டின் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து இரவு, ஆம்ஸ்டர்டாமில் இரண்டு இரவு என்றால் பிரான்ஸ் விசாதான். இரண்டிலும் சம நாள்கள் என்றால், முதலில் காலடி வைக்கும் நாடு. 'நெதர்லாந்தில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குது'ன்னு மாற்றிப் போட்டால், விண்ணப்பத்தை ஏற்காமலே திருப்பிவிடலாம்.

* லண்டன் எட்டிப் பார்க்கலாமா? ஆம்ஸ்டர்டாமில் இருந்து லண்டனுக்கு ரயிலிலேயே போகலாம். ஆனால், பிரிட்டனும் அயர்லாந்தும் ஷெங்கனில் இல்லை. தனி விசா வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் ஷெங்கன் விசா 'சிங்கிள் என்ட்ரி' என்றால், லண்டன் போனதும் அது முடிந்துவிடும். ரிட்டர்ன் ஃப்ளைட் ஆம்ஸ்டர்டாமில் இருந்து என்றால், மாட்டிக்கொள்வீர்கள்!

* எத்தனை நாள்? எந்த 180 நாள்களைக் கணக்கிட்டாலும், அதில் அதிகபட்சம் 90 நாள்கள். அது நெதர்லாந்துக்கு மட்டுமல்ல, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் சேர்த்து. விசாவில் அதைவிடக் குறைந்த நாள்கள் குறிப்பிட்டிருந்தால், அதுதான் கணக்கு. படிப்பு, வேலை என்று 90 நாள்களுக்கு மேல் தங்குவதென்றால் அதற்கு வேறு விசா.

* எப்போது? பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள்களுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். கோகென்ஹாஃப் தோட்டம் வசந்த காலத்தில் சுமார் இரண்டு மாதங்கள்தான் திறந்திருக்கும் என்பதால், துலிப் பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

* செலவு? 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

கடைசியாக ஒரு வார்த்தை. விசா கைக்கு வந்ததும் சந்தோஷத்தில் பையில் வைத்துவிடாதீர்கள். பெயர், தேதி, நாள்களின் எண்ணிக்கை, சிங்கிளா மல்டிபிளா என்று நான்கையும் ஒருமுறை சரிபாருங்கள். ஊரின் பெயரை மாற்றிச் சொன்னால் சிரிப்போடு போய்விடும். விசாவில் தவறு இருந்தால் ஏர்போர்ட்டோடு திரும்ப வேண்டியதுதான்!