கையில் 2,000 ரிங்கிட் இருக்கு: பழைய காரில் முதலில் எதை மாற்றுவது?

கார் கடன் கட்டி முடிஞ்சாச்சு. போனஸிலோ சேமிப்பிலோ ஒரு 2,000 ரிங்கிட் கையில் நிற்கிறது. பத்து வருஷம் ஓடின மைவியோ சாகாவோ, அதுக்கு ஏதாவது செய்யணும்னு ஆசை. ஸ்போர்ட் ரிம் போடலாமா, அண்ட்ராய்ட் பிளேயரா, டிண்ட்டெட் அடிக்கலாமா, இல்லை அந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கா? எல்லாத்துக்கும் காசு பத்தாது. ஒன்றோ இரண்டோதான் முடியும்.

கடைக்குப் போகும் முன் காரைச் சுற்றி ஒரு தடவை குனிந்து பாருங்கள். அந்தப் பணத்தில் பாதி எங்கே போகணும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

டயரில் ஆரம்பியுங்கள்

நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் காருக்கும் சாலைக்கும் உள்ள தொடர்பு, ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம்தான். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஏ.பி.எஸ். இருந்தாலும், கடைசியில் காரை நிறுத்துவது அந்த நான்கு உள்ளங்கைகள்தான். மழைக்காலத்தில் டயர் பள்ளங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு: தண்ணீரை வெளியே தள்ளுவது. பள்ளம் தேய்ந்துவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் டயருக்கு அடியிலேயே நிற்கும். கார் சாலையை விட்டு நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். அப்போது ஸ்டேரிங் கையில் இருக்கும், கட்டுப்பாடு இருக்காது.

பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் இருப்பதைப் பார்க்கலாம். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதுதான் சட்டப்படி குறைந்தபட்சம். ஆனால் மழையில் அதற்கு முன்பே பிடிமானம் குறைய ஆரம்பித்துவிடும் என்பதால், 3 மில்லிமீட்டரில் மாற்ற யோசிப்பது நல்லது.

அடுத்து வயசு. டயரின் பக்கவாட்டில் 'டாட்' குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாகவே இருந்தாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகிவிடும், நம்ம ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள். பத்து வருஷமானால் தேய்மானத்தைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். கடையில் புது டயர் வாங்கும்போதும் இதே எண்ணைப் பார்க்கலாம். ரொம்ப நாள் ஸ்டாக்கில் கிடந்ததை மலிவு விலையில் தள்ளிவிடுவதும் நடக்கும்.

மைவி போன்ற சிறிய காரின் 14 அங்குல டயர், பிராண்டைப் பொறுத்து ஒன்று சுமார் 150 முதல் 250 ரிங்கிட் வரை ஆகலாம். நான்கையும் மாற்றி, பேலன்சிங், அலைன்மெண்ட் செய்தால் ஆயிரத்துக்கு முன்பின் வரும். அவ்வளவு முடியாதா? இரண்டு மட்டும் வாங்குங்கள், ஆனால் புதுசைப் பின்பக்கம் போடச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் பலரும் தலையைச் சொறிவார்கள். முன் சக்கரம்தானே காரை இழுக்கிறது, புதுசை அங்கேதானே போடணும்? கேள்வி நியாயம்தான். ஆனால் மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். காலை மெதுவாக எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் பிடித்துக்கொள்ளும். பின் டயர் வழுக்கினால் காரின் வால் சுழன்றுவிடும், சாதாரண வாகனமோட்டியால் அதைத் திருப்பிக் கொண்டுவருவது மிகக் கடினம். டயர் நிறுவனங்களே புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்வது இதனால்தான்.

காற்றுக்கோ செலவே இல்லை. பெட்ரோல் நிலையத்தில் இலவசம். எவ்வளவு அடிக்கணும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்திலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும்.

பிரேக், அப்சார்பர்: கண்ணுக்குத் தெரியாத செலவு

பெரிய சிவப்பு கேலிப்பர், துளை போட்ட டிஸ்க் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தினமும் வேலைக்குப் போய்வரும் காருக்கு அது தேவையில்லை. தேவைப்படுவது நல்ல பேடும் புது பிரேக் எண்ணெயும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது விடாமல் பிரேக் மிதித்தால் எண்ணெய் கொதித்துக் குமிழி உண்டாகும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், கார் நிற்காது. பொதுவாக இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றணும். பழைய கார் வாங்கியவர்களில் பலர் ஒரு தடவைகூட மாற்றியிருக்க மாட்டார்கள். இருக்கும் மாற்றங்களிலேயே மலிவானவற்றில் இதுவும் ஒன்று. (இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். ஆட்டோ கியரிலும் அதற்கு வழி இருக்கு.)

அப்சார்பர் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? மேடு ஏறி இறங்கின பிறகும் கார் ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடினால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் கசிவு, டயரில் அலை அலையாகத் தேய்மானம், இவையும் அடையாளம். அப்சார்பர் கெட்ட காரில் புது டயர் போட்டால் அந்த டயரும் சீக்கிரம் வீணாகும். ஃபோர்மேனிடம் முதலில் இதைப் பார்க்கச் சொல்லிவிட்டு டயர் வாங்குங்கள். உயரத்தைக் குறைக்கும் ஸ்ப்ரிங், கோய்ல்ஓவர் பக்கம் இந்தப் பட்ஜெட்டில் போகவே வேண்டாம். அதே பணத்துக்கு ஒரிஜினல் தரத்தில் நான்கு அப்சார்பரும் கிடைத்தால் கார் புதுசு மாதிரி ஓடும்.

விளக்கும் டிண்ட்டெட்டும்

இரவில் சரியாகத் தெரியவில்லை என்பவர்களில் பாதிப் பேருக்குக் குறை பல்பில் இருக்காது. விளக்கின் மேல்மூடி வெயிலில் மஞ்சள் பூத்திருக்கும். பாலிஷ் போட்டாலே வெளிச்சம் திரும்பிவிடும், செலவு குறைவு. கூடவே வைப்பர் ரப்பரையும் மாற்றிவிடுங்கள். தொழிற்சாலையிலிருந்து அப்படி வராத காரில் எச்.ஐ.டி. விளக்கைப் பூட்டுவதை சாலைப் போக்குவரத்துத் துறை, அதாவது ஜே.பி.ஜே., அனுமதிப்பதில்லை. சாதாரண பல்புக்காகச் செய்த விளக்குக்குள் அதைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். சம்மன் வருவது இருக்கட்டும், எதிரே வருபவருக்கு உங்கள் காரே தெரியாமல் போவது யாருக்கு நல்லது?

டிண்ட்டெட் நம்ம வெயிலுக்கு ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கறுப்பு கூடினால் குளிர்ச்சி கூடும் என்பது தப்புக் கணக்கு. வெப்பத்தைத் தடுப்பது பிலிமின் தரம். மலிவான கருமை பிலிம் வெளிச்சத்தை மட்டும் தடுத்து வெப்பத்தை உள்ளே விடும். 2019 மே முதல் நடப்பிலுள்ள விதிப்படி, முன் கண்ணாடி குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தை உள்ளே விடணும். முன்பக்க இரு ஜன்னல்கள் 50 விழுக்காடு. பின்பக்க ஜன்னல்களுக்கும் பின் கண்ணாடிக்கும் அளவுக் கட்டுப்பாடு கிடையாது. பணம் குறைவு என்றால் முன் கண்ணாடிக்கு மட்டும் நல்ல பிலிம் போடுங்கள், வெயில் அதிகம் இறங்குவது அங்கேதான்.

மீதிப் பணம்

குழந்தை இருக்கும் வீடு என்றால் பிளேயரை மறந்துவிட்டு முதலில் குழந்தை இருக்கையைப் பாருங்கள். 2020 ஜனவரி 1 முதல் அது சட்டப்படி கட்டாயம். ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை இருக்கா என்று பார்த்து வாங்குங்கள். விபத்தில் சிக்கின பழைய இருக்கை வேண்டவே வேண்டாம்.

டேஷ்கேம் நல்ல முதலீடு. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யணும், யார் மேல் தவறு என்ற வாக்குவாதத்தில் பதிவு கையில் இருப்பது பெரிய பலம். பிளேயரோ, ரிவர்ஸ் கேமரா வேண்டும் என்றால் ஒரு காரணம் இருக்கு. வரைபடம் பார்க்க மட்டும் என்றால் கைப்பேசியை மாட்டும் பிடிமானம் போதும். எரிபொருள் மிச்சம் பிடிக்கும் காந்தம், பிளக்கில் செருகும் பெட்டி, இதெல்லாம் வேலைக்கு ஆகாது.

ஸ்போர்ட் ரிம்? 14 அங்குலத்திலிருந்து 16-க்குப் போனால் டயர் சுவர் மெலியும், ரிம் கனக்கும். குழியில் விழுந்தால் ரிம் வளையும், இடுப்பும் வலிக்கும். டயர் விலையும் ஏறும், ஒவ்வொரு தடவையும். போட்டே ஆகணும் என்றால் ஓர் அங்குலம் மட்டும் ஏற்றுங்கள், டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டக்கூடாது.

காசே இல்லாமல் கிடைக்கும் ஒன்றும் இருக்கு. பழைய ஹோண்டா, டொயோட்டா, நிசான், பி.எம்.டபிள்யூ. கார் வைத்திருப்பவர்கள் டகாட்டா ஏர்பேக் மாற்றப்பட்டதா என்று அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். வெப்பமும் ஈரப்பதமும் அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் பாகத்தைக் கெடுக்கின்றன. நம்ம நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அது வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்ததில் மலேசியாவிலும் உயிர்கள் போயிருக்கின்றன. நிறுவனமே இலவசமாக மாற்றித் தருகிறது. செக்கண்ட் ஹேண்ட் கார் என்றால் அறிவிப்புக் கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கடைசியாகக் காப்புறுதி. முழுமையான காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாகச் சேராது, தனியாகக் கேட்டுச் சேர்க்கணும். கட்டணம் காப்புத் தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஷா ஆலமிலோ கிள்ளானிலோ தாழ்வான இடத்தில் வீடு என்றால், ரிம்முக்கு ஒதுக்கின பணத்தில் இதை முதலில் எடுங்கள். காரில் பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டது இழப்பீடு கேட்கும் நாளில்தான் வெளியே வரும். பட்டறையில் ரசீது வாங்கும்போது கழற்றின பழைய பாகத்தையும் காட்டச் சொல்லுங்கள். நல்ல ஃபோர்மேன் அதற்குக் கோவிச்சுக்க மாட்டார்.