பொருளறிவியலில் கோடைக்கால மாணவர் ஆய்வு

கோடைக்கால மாணவர் ஆய்வு என்பது, பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் தங்கி, அறிவியலாளர் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்வதாகும். பொறியியல் பொருளறிவியலில் இதன் தேவை அதிகம். உலோகக் கலவை, பீங்கான், பலபடி ஆகியவற்றின் உள்ளமைப்பை அறிய எலக்ட்ரான் நுண்ணோக்கி, எக்ஸ் கதிர்க் கருவி, உயர்வெப்ப உலை போன்றவை வேண்டும். விலை மிகுந்த இக்கருவிகள் பெரும்பாலான கல்லூரிகளில் இல்லை.

தோற்றம்

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1969இல் தன் பட்டப்படிப்பு மாணவர்களை ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதை உருவாக்கிய மார்கரெட் மெக்விகார், உலோகவியல் மற்றும் பொருளறிவியலில் அங்கேயே முனைவர் பட்டம் பெற்றவர். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் தொடங்கிய திட்டம், ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்கும் உதவித்தொகையுடன் வாய்ப்பளித்தது.

இந்தியாவில்

ச. வெ. இராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி, 1995இல் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 2007 முதல் புது தில்லியிலும் அலகாபாத்திலும் உள்ள தேசிய அறிவியல் அகாதமிகள் இதில் இணைந்தன. மாணவர்களுடன் ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது இதன் சிறப்பு.

தமிழ்நாட்டில்

1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடி, கோடைக்கால உதவித்தொகை வழங்கிப் பிற கல்லூரி மாணவர்களை அழைக்கிறது. கல்பாக்கத்தில் 1971இல் அணு உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985இல் இந்திரா காந்தி பெயர் பெற்ற மையம், வெப்பத்தையும் கதிர்வீச்சையும் தாங்கும் உலோகங்களை ஆராய்கிறது. இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சியும் நடத்துகிறது.

முக்கியத்துவம்

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி போன்ற ஊர்களின் மாணவர்களுக்கு இவ்வாய்வகங்கள் ஓர் இரவுப் பயணத் தொலைவில் உள்ளன. தங்கும் செலவு தடையாகும்போது திறமை இருந்தும் வாய்ப்பு நழுவுகிறது. ஆகவே மாத உதவித்தொகையும் பயணக் கட்டணமும் வெறும் சலுகைகள் அல்ல. யார் ஆய்வகத்துக்குள் நுழைகிறார் என்பதைத் தீர்மானிப்பவை. இத்திட்டங்களுக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்கப்படுகிறது. கோடைக்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடுவதால், செய்தி உரிய நேரத்தில் கல்லூரியை எட்டுவதும் உதவித்தொகைக்கு இணையாக முக்கியமானது.