புள்ளியும் கோடும்

மோர்ஸ் தந்திமொழியின் கதையை ஓர் ஓவியரிடமிருந்து தொடங்க வேண்டும். சாமுவேல் மோர்ஸ் 1825இல் வொஷிங்டனில் படம் வரைந்துகொண்டிருந்தபோது, நியூ ஹேவனில் அவர் மனைவி காலமானார். கடிதம் கண்டு அவர் ஊர் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது. அந்தத் துயரமே தந்திக்கு வித்தாயிற்று என்பர் சிலர். நான் அவ்வளவு துணியமாட்டேன். மின்தந்தி பற்றிய எண்ணம் அவருக்கு உதித்தது 1832இல், கப்பற் பயணமொன்றில். ஆனால் செய்தி பிந்துவதன் வலியை அவர் அறிந்திருந்தார். 1844 மே 24இல் வொஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் பலரறியச் செய்தி அனுப்பிக் காட்டினார்.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று வகுப்பில் நாளும் சொல்பவன் நான். ஆகவே இன்றைய சர்வதேச மோர்ஸின் கணக்கு என்னைக் கவர்ந்ததில் வியப்பில்லை. புள்ளி ஒரு மாத்திரையென்றால் கோடு மூன்று. மௌனத்துக்கும் அளவுண்டு: எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே ஏழு. ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரேயொரு புள்ளிதான். அருகி வரும் 'கியூ'வுக்கோ மூன்று கோடுகளும் ஒரு புள்ளியும். பழகியவர்கள் இவற்றை எண்ணுவதில்லை, சந்தத்தைக் கேட்கிறார்கள். தட்டும் முறையை வைத்தே தட்டுபவர் இன்னாரென்றும் அறிவார்கள்.

இம்மொழிக்குக் கருவியும் கட்டாயமில்லை. வியட்நாம் போரில் சிறைப்பட்ட அமெரிக்க விமானி ஜெரமையா டென்டனை 1966இல் தொலைக்காட்சிப் பேட்டிக்கு இருத்தினார்கள். விளக்கொளி கூசுவதுபோல் கண்களை இமைத்து இமைத்தே, 'சித்திரவதை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவர் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். வாய் வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

1999இல் கப்பல்களின் ஆபத்துச் செய்திகளுக்கு மோர்ஸ் வேண்டாமென்றாயிற்று. பொழுதுபோக்கு வானொலியாளருக்கான மோர்ஸ் பரீட்சையை நாடுகள் கைவிடலாமென 2003இல் சர்வதேச விதி மாறியது; அமெரிக்கா 2007இல் கைவிட்டது. பரீட்சைக்கு வராத பாடத்தை யார் படிப்பார் என்று எங்கள் ஆசிரியர் அறையில் அலுத்துக்கொள்வோம். இதைப் படிக்கிறார்கள்! கைபேசி உள்ளவர்களே படிக்கிறார்கள். ஐந்து வாட் மின்வலுவில், பேச்சு அமுங்கிப்போகும் இரைச்சலிலும், கண்டம் தாண்டி ஒரு மெல்லிய ஒலியைப் பிடிப்பதில் அவர்களுக்கு ஓர் இன்பம்.

அவர்கள் மின்னஞ்சல் முகவரியையும் பரிமாற வேண்டியிருந்ததல்லவா? 2004இல் அம்முகவரியின் நடுவே வரும் சுழிக்குறிக்கும் மோர்ஸில் இடம் கொடுத்தார்கள். 'ஏ', 'சி' இரண்டையும் இடைவிடாது சேர்த்துத் தட்ட வேண்டும்: புள்ளி, கோடு, கோடு, புள்ளி, கோடு, புள்ளி.