வடக்கு வாசல் மாத்தளை

எல்லையோரப் பட்டணங்களுக்கென்று ஒரு தலைவிதி உண்டு. பிரான்ஸின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை ஒட்டியிருக்கும் லில் நகரை 1667இல் பதினான்காம் லூயி முற்றுகையிட்டுப் பிடித்தான். கையோடு வோபான் என்ற பொறியியலாளரைக் கொண்டு ஐம்முனைக் கோட்டையும் கட்டுவித்தான். அப்படியிருந்தும் இரண்டு உலகப் போர்களிலும் ஜேர்மன் படை அந்நகருக்குள் புகுந்தது.

நம் பக்கத்தில் அந்த விதி மாத்தளைக்கு வாய்த்தது. உலர்ந்த வடசமவெளி முடிந்து மலை தொடங்கும் இடம் அது. கண்டி இராச்சியத்தின் வடக்கு வாசல். 1803 போரில் பிரித்தானியர் அங்கே மக்டோவல் கோட்டையைக் கட்டினார்கள். அதே ஆண்டிலேயே அதைப் போட்டுவிட்டுத் திருகோணமலைக்கு ஓடினார்கள். இப்போது கல்லறைத் தோட்டத்துக்குள் அதன் வாயில் மட்டும் மிச்சம்.

1848 மாத்தளைக் கிளர்ச்சி எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. போதாதென்று ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங். கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடி சூடினார். ஆகஸ்ட் 8ஆம் திகதி கிளர்ச்சித் தலைவர் புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். ஆளுநர் டொரிங்டனின் பதவியும் பின்னர் பறிபோனது.

அந்த வீதிகள் யாருக்காக? கோப்பிக்காக. அதே கோப்பிக்காகத்தான், அதே காலத்தில், இன்னொரு சனம் வடக்கிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தது. தமிழகத்துப் பஞ்சத்துக்குத் தப்பித் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், கங்காணிக்குப் பின்னால் வன்னிக் காட்டுக்குள் நுழைந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. காய்ச்சலும் வாந்திபேதியும் வழிநெடுகக் காவு கொண்டன. விழுந்தவர்களைத் தூக்கிச் செல்ல ஆளில்லை, விட்டுவிட்டே நடந்தார்கள். தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளையை மிதித்தவர்களே பிழைத்தவர்கள். கோப்பி பறித்து முடிந்ததும் பலர் அதே வழியாக ஊர் திரும்பினார்கள். ஆக, போகும்போதும் வரும்போதும் மாத்தளை அவர்களைப் பார்த்தது.

உயிரோடு வந்து சேர்ந்ததற்கு அவர்கள் நன்றி சொன்னது மாரியம்மனுக்கு. மரத்தடியில் தொடங்கிய வழிபாடுதான் முத்துமாரியம்மன் கோயிலாக வளர்ந்தது. 1983 கலவரத்தில் சேதமுற்றும் மீண்டெழுந்தது. இராஜகோபுரத்தின் உயரம் 108 அடி. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் வீதிக்கு வருகின்றன.

புரன் அப்புவைப் பாடப்புத்தகம் சொல்கிறது, சொல்லத்தான் வேண்டும். அவரைக் கொன்ற ஆட்சி எவர் உழைப்பில் செழித்ததோ, அவர்கள் வந்த வழியும் அதே பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பதே என் வாதம். அதைப் பாடப்புத்தகத்துக்கு முன்பே மலையக மக்கள் செய்துவிட்டார்கள். 2023இல், தாங்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைத்து, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, அந்தப் பழைய வழியே நடந்து, ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். நினைவஞ்சலியோடு உரிமைக் கோரிக்கைகளும் அந்த நடையில் இருந்தன: காணி, வீடு, நியாயமான சம்பளம்.