நின்றவூர்ப் பூசலாரும் காடவர் கோமானும்

துறவு என்றவுடன் காவியுடையும் கானகமுமே பலர் நினைவில் எழும். இல்லறத்தில் நின்று ஆலயத் திருப்பணி புரிவோர்க்கும் ஒரு துறவு உண்டு. அது யாதெனத் திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூர் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

அவ்வூர் அந்தணராகிய பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். எங்குத் தேடியும் பொருள் கிட்டவில்லை. ஆயினும் எண்ணத்தைக் கைவிட்டாரல்லர். மனத்திலேயே சிறுகச் சிறுகப் பொருள் ஈட்டினார், தச்சரைத் தேர்ந்தார், நன்னாளில் அடிநிலை இட்டார், இரவிலும் கண் துயிலாது விமானமும் சிகரமும், கிணறும் குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்கிற்கு நாளுங் குறித்தார். இவ்வாறு 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியுள்ளார். உறக்கத்தைத் துறந்தது மட்டுமன்று. பிறர் கண்டு பாராட்டும் பெருமையையும் அவர் வேண்டிற்றிலர்.

அந்நாளிலேயே காஞ்சியில் காடவர் மன்னனும் தான் எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்கு நிகழ்த்த இருந்தான். இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் அமைத்த ஆலயத்துள் நாளை நாம் புகுவோம். நீ வேறு நாள் கொள்க எனப் பணித்தருளினான். இம்மன்னன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுப்பித்த பல்லவன் இராசசிம்மனே என்பர் ஆராய்ச்சியாளர். கலியுகத்திலும் அசரீரி வாக்கைக் கேட்டவன் என அக்கோயிற் கல்வெட்டு அவனைப் போற்றுவது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பெரும்பொருள் செலவிட்டுக் கற்கோயில் எழுப்பிய வேந்தனுக்கு, பொருளற்ற ஒருவர்க்கு முதலிடம் தருதல் எளிதாகுமா? அவனோ சினந்திலன். நின்றவூர் போந்து கோயில் யாதென வினவினான். அங்ஙனம் ஒன்று இல்லை என்றனர் ஊரார். பூசலாரைத் தன்பால் அழைப்பியாது, தானே அவர்பாற் சென்று, மனக்கோயிலின் திறம் கேட்டு, நிலமுற வீழ்ந்து வணங்கி மீண்டான். பொன்னை ஈந்தவன் அன்று ஈந்தது தன் முதன்மையை. அதுவே அவன் செய்த அருந்தானம்.

திருநின்றவூரில் இன்று இருதயாலீசர் என்னும் திருப்பெயரோடு இறைவன் எழுந்தருளியுள்ளான். பூசலார் திருவுருவமும் ஆங்கு உண்டு.

அன்பர்காள்! கும்மிடிப்பூண்டி ஆலைகளில் வியர்வை சிந்துவோர் தம் ஊதியத்தில் மிகுத்துத் தரும் சிறுகாசும், செல்வர் தரும் பெருநிதியும் ஒருங்கு சேர்ந்தே கோபுரங்கள் எழுகின்றன. கல்லிற் பெயர் பொறித்தல் குற்றமன்று, அரசனும் பொறித்தான். எனினும், முதல் மரியாதை யார்க்கு என்னும் வழக்கு எழுங்கால், நின்றவூருக்கு நடந்த அவ்வேந்தனை நினைவோமாக. நான், எனது என்பன அகன்ற நெஞ்சமே இறைவன் முதற்கண் குடிபுகும் கோயில்.