பனியுகத்தில் பட்டம் பெற்றவர்கள்

ஜப்பானில் ஒருவர் பட்டம் பெறும் ஆண்டே அவரது எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்துவிடக்கூடும். அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் இறுதியாண்டு மாணவர்களை ஒட்டுமொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஏப்ரல் முதல் நாளன்று பணியில் அமர்த்துவது வழக்கம். உள்ளே நுழைந்தவருக்கு ஓய்வு பெறும்வரை வேலை உறுதி. அந்த வாயிலைத் தவறவிட்டவருக்கோ மறுவாயில் எளிதில் திறப்பதில்லை.

1989 இறுதியில் உச்சம் தொட்ட டோக்கியோ பங்குச்சந்தை அடுத்த ஆண்டே சரிந்தது. பின்னர் நிலவிலையும் வீழ்ந்தது. நிறுவனங்கள் பழைய ஊழியரை வெளியேற்றத் தயங்கின; புதியவர்களுக்குக் கதவை அடைத்தன. மூத்தோருக்கு அளித்த வாக்குறுதியின் விலையை இளையோர் செலுத்தினர். ஏறத்தாழ 1993 முதல் 2005 வரையிலான இக்காலத்தை ‘வேலைவாய்ப்புப் பனியுகம்’ என்பர். 2003இல் பட்டம் பெற்றோரில் 55 விழுக்காட்டினரே வேலையில் சேர்ந்தனர். மேற்படிப்புக்குச் சென்றவர்களைக் கழித்தாலும் வெளியே நின்றவர்கள் மிகப் பலர். 1999இலும் 2004இலும் தளர்த்தப்பட்ட சட்டங்கள் ஒப்பந்தப் பணிகளைப் பெருக்கின. பலர் அவற்றிலேயே தங்கிவிட்டனர்.

சமூகம் அவர்களுக்கு வேலை தரவில்லை, பெயர்களைத் தந்தது. நிலையான பணியின்றி உழைத்தவர் ‘ஃப்ரீட்டர்’ ஆனார். பெற்றோருடன் வாழ்ந்தவர்களை 1999இல் சமூகவியலாளர் யமாதா மசாஹிரோ ‘ஒட்டுண்ணித் தனியர்’ என்றார். வீட்டுக்குள் ஒடுங்கியோரைக் குறித்த ‘ஹிகிகோமோரி’ என்ற சொல், 1998இல் வெளிவந்த மனநல மருத்துவர் சைட்டோ தமாகியின் நூலால் பரவலாயிற்று. ஒரு பொருளாதார வீழ்ச்சி, தனிமனிதரின் குணக்குறையாகப் பெயர் மாறிய வரலாறு இது.

2019இல் ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 40 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் சுமார் 6,13,000 பேர் ஒதுங்கி வாழ்ந்தனர். அனைவரையும் பனியுகத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது. பணி ஓய்வுக்குப் பின்னும் நோயினாலும் ஒதுங்கியவர்கள் அவர்களுள் உண்டு. ஆயினும் இளைஞர்களின் நோய் எனப்பட்டது நடுவயதை எட்டிவிட்டதை அவ்வெண் உணர்த்தியது. எண்பது வயதுப் பெற்றோரின் ஓய்வூதியத்தில் ஐம்பது வயதுப் பிள்ளை வாழும் நிலையை ‘8050 சிக்கல்’ என்றே அழைக்கின்றனர்.

அவர்கள் உழைக்க விரும்பாதவர்களா? அதே 2019இல் தகராஸுகா நகராட்சி இத்தலைமுறையினருக்கென மூன்று பணியிடங்களை அறிவித்தபோது 1,800க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேர்வானவர்கள் நால்வர்.

இன்று ஜப்பானிய நிறுவனங்கள் ஆள் பற்றாக்குறையால் இளம் பட்டதாரிகளைத் தேடி அலைகின்றன. பனியுகத்தவரோ முதுமையை நெருங்குகின்றனர். குறைந்த ஊதியத்தில், விட்டுவிட்டு உழைத்தோரின் ஓய்வூதியமும் குறைவாகவே இருக்கும். பெற்றோரின் ஓய்வூதியம் அவர்களோடு நின்றுபோகும் நாளில், இருபத்திரண்டு வயதில் மூடிய கதவின் விளைவை இவர்கள் மீண்டும் ஒருமுறை சந்திப்பார்கள்.